புகைபோக்கி இல்லாத ஊருக்கு வந்த தொழிற்புரட்சி

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: மான்செஸ்டரில் ஆலை வந்தது, பம்பாயில் வந்தது, அங்கெல்லாம் தொழிலாளி பட்ட பாட்டைப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் நெல்லைத் தவிர என்ன இருந்தது, ஒரு புகைபோக்கிகூட இல்லாத ஊரில் தொழிற்புரட்சியும் வெள்ளைக்காரன் ஆட்சியும் சாதாரண உழைப்பாளியை எப்படித் தொட்டிருக்கும், எங்கள் தாத்தா காலம் வரைக்கும் எல்லாம் ஆதியில் இருந்தபடியேதானே இருந்தது, என்று.

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எங்கள் ஊரிலும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்குப் பினாங்கு வீடு என்று பெயர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆலை இங்கே வரவில்லை. ஆலைகளுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வேண்டியதை விளைவிக்க ஆள் இங்கேயிருந்து போனார்கள், அந்த ஆளுக்குச் சோறு போட அரிசியும் இங்கேயிருந்துதான் போனது. போகாதவர்களைப் பண்ணையை விட்டு நகர முடியாதபடி வைத்திருந்ததிலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பிறகு அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு.

1799ல் இரண்டாம் சரபோஜியோடு செய்த உடன்படிக்கையில் தஞ்சாவூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்தது, ராஜாவுக்குக் கோட்டையும் சுற்றுவட்டமும் மட்டும் மிஞ்சியது, 1855ல் ஆண் வாரிசு இல்லை என்று அதுவும் போனது. கம்பெனிக்கு இந்த மண்ணில் வேண்டியது ஒன்றுதான், நிலவரி. சென்னை மாகாணத்திலேயே கொழுத்த ஜில்லா இது. அந்த வரி தவறாமல் வரவேண்டுமானால் தண்ணீர் தவறாமல் வரவேண்டும். அப்போது கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போய்த் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது, காவிரி மணலேறிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில் மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அதே அணை. காட்டனை இன்றைக்கும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர் செய்த வேலை பெரிய வேலைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தண்ணீர் வந்து விளைச்சல் நிலைத்ததும் அதன் பலன் எங்கே போனது? வரியாகக் கஜானாவுக்கும், நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் பத்தாயத்துக்கும் போனது. சேற்றில் இறங்கினவனுக்கு வேலைதான் கூடியது. அதற்குமேல் 1858ல் மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று கொண்டுவந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு போயே ஆகவேண்டும், போகாவிட்டால் தண்டனை. ஊர் கூடிச் செய்துவந்த குடிமராமத்து போலீஸ் விஷயமாக ஆனது இப்படித்தான்.

அப்புறம் அடிமைத்தனம். டெல்டாவில் பள்ளர், பறையர் குடும்பங்களை நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்றார்கள், அடகு வைத்தார்கள், அதற்கு ஓலை எழுதினார்கள். 1843ல் 5ஆம் எண் சட்டம் வந்தது. இனி ஒருவன் இன்னொருவனுக்கு அடிமை என்பதை எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்றது. 1860ல் வந்த தண்டனைச் சட்டம் ஆள் வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. காகிதத்தில் பார்த்தால் விடுதலை. களத்துமேட்டில் பார்த்தால் அடிமை என்ற சொல் போய்ப் பண்ணையாள் என்ற சொல் வந்தது, அவ்வளவுதான். ஏன் என்றால் அவனைக் கட்டிப்போட்டிருந்த இரண்டு கயிற்றையும் சட்டம் தொடவில்லை. ஒன்று, அவன் குடிசை நின்ற மனை. அது மிராசுதார் மண். வேலையை விட்டால் அன்றைக்கே குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டும். எங்கே போவது, அடுத்த ஊர் மண்ணும் இன்னொரு மிராசுதார் மண்தானே. இரண்டாவது, முன்பணம். மகன் கல்யாணத்துக்கு வாங்கின கடன், வட்டி என்று கணக்குப்பிள்ளை ஏட்டில் ஏறிக்கொண்டே போகும், அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளையும் அதே கடனுக்கு மாடு மேய்க்கப் போகும். இதில் கொடுமை என்னவென்றால், அடிமைச் சட்டம் வந்து 16 வருஷத்தில், 1859ல், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகிறவனைச் சிறையில் போடலாம் என்று அரசே ஒரு சட்டம் போட்டது. மலைத்தோட்ட முதலாளிகள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1925ல்தான் ரத்தானது. இதைப் படிக்கிற யாரும் "பழைய வழக்கம், வெள்ளைக்காரனுக்கு இதில் என்ன சம்பந்தம்" என்று சொல்லமுடியாது. பண்ணையாள் நகர்ந்தால் நிலம் தரிசாகும், நிலம் தரிசானால் வரி நிற்கும், கலெக்டருக்கு அது தெரியும்.

இப்போது கடற்கரைக்கு வருவோம், விஷயம் சூடுபிடிப்பது அங்கேதான். 1834ல் பிரிட்டிஷ் பேரரசில் கறுப்பின மக்களின் அடிமைத்தனம் முடிந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டும், சர்க்கரையோ லங்காஷயர் ஆலைத் தொழிலாளியின் தேநீர்க் கோப்பையில் தினமும் கரையவேண்டும். மலாயாவில் பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்த வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆள் ஏற்றினார்கள். பக்கத்தில் காரைக்கால் பிரெஞ்சுக்காரன் ஊர். 1848ல் பிரெஞ்சுத் தீவுகளிலும் அடிமைத்தனம் ஒழிந்ததும் அங்கேயிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று கப்பல் போனது. நம் பக்கத்து ஆட்கள் வாய்க்கால் தாண்டிக் காரைக்காலுக்குள் போனால் போதும், கப்பல் பிரெஞ்சுக் கப்பல். 1854க்கும் 1889க்கும் நடுவில் குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து சுமார் 42,000 பேர் போனார்கள், காரைக்கால், புதுச்சேரி, பிறகு கல்கத்தா வழியாக. அந்தத் தீவில் இன்றைக்கும் மாரியம்மனுக்குப் படையல் போடுகிறவர்கள் நாகூர் ஆண்டவருக்கும் கொடியேற்றுகிறார்கள், நாகூர்மீரா என்று பெயர் சொல்லி. தமிழ் பேச்சு போய்விட்டது, அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. கடல் தாண்டும்போது காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு ஏறினவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இதை முதலில் தெரிந்துகொண்ட நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை, எங்கள் ஊரிலிருந்து நாகூர் ஒரு பஸ் தூரம்.

1861-62ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் போட்டார்கள். தென்னகத்தில் மிகப் பழைய பாதைகளில் ஒன்று. துறைமுகத்தில் தொடங்கி உள்ளே போகிற பாதை என்பதைக் கவனியுங்கள். உள்ளேயிருந்து நெல்லும் அரிசியும் ஆளும் வெளியே போக, வெளியேயிருந்து மில் துணியும் நூலும் உள்ளே வர. தஞ்சாவூர் அரிசி இலங்கைக்குப் போனது, அங்கே காப்பித் தோட்டத்தில் இருந்த நம் ஜனங்களுக்குத் தோட்டக்காரன் அதை அளந்து கொடுத்துக் கூலியில் கழித்துக்கொண்டான். 1869ல் காப்பியில் இலைநோய் வந்து அந்தப் பயிரே அழிந்து தேயிலை வந்தபிறகும் இதே கதைதான். 1876-78 பஞ்சத்தில் மாகாணமே செத்துக்கொண்டிருந்தபோது காவிரிப் பாசனத்தால் டெல்டா ஓரளவு தப்பியது, அது உண்மை. ஆனால் விலை ஏறியதில் லாபம் பார்த்தது நெல் வைத்திருந்தவன்.

நெசவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகூர், நாகப்பட்டினம் துறைகளிலிருந்து ஒரு காலத்தில் துணி கிழக்குத் தீவுகளுக்குப் போனது. மில் துணி வந்ததும் முரட்டுத் துணி நெய்தவர்கள் முதலில் விழுந்தார்கள், கும்பகோணம், அய்யம்பேட்டைப் பக்கம் பட்டும் சேலையும் நெய்தவர்கள் நின்றார்கள், ஆனால் பருத்தி நெய்தவன் தறியில் ஓடிய நூல் மில் நூலாகிவிட்டது. சொந்தத் தறி வைத்திருந்தவன், நூல் வியாபாரியிடம் கடன் வாங்கி அவனுக்கே நெய்து கொடுக்கிற கூலியாக ஆனான்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் எல்லாவற்றையும் ரப்பர் விழுங்கியது. மோட்டார் கார் பெருகியது, டயருக்கு ரப்பர் வேண்டும், மலாயாக் காடு அழிந்து ரப்பர் தோட்டமானது. நம் ஜனங்கள் ரப்பரைப் பால்மரம் என்றார்கள். டெட்ராய்ட்டில் கார் ஓட்டியவனுக்குத் தெரியாது, அவன் டயருக்குப் பால் வெட்டினவள் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரி என்று. 1907ல் மலாயாவில் முதலாளிகளிடம் தலைவரி மாதிரி வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று தொடங்கினார்கள், கூலிகளுக்குக் கப்பல் செலவு அதிலிருந்து. ஆள் பிடிக்கக் கங்காணி வந்தான். தோட்டத்திலேயே வேலை செய்கிறவன், சொந்த ஊருக்கு வருவான், சரிகைத் துண்டு, கைக்கடிகாரம், கையில் காசு. சொந்தக்காரன், சாதிக்காரன், ஊர்க்காரன். அவன் சொல்லை நம்பாமல் யார் சொல்லை நம்புவது? தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. கூட்டிப்போன ஆள் தினமும் வேலைக்கு வந்தால் அதற்கும் தலைக்காசு. அங்கே லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு அறை, விடிவதற்கு முன்னே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வெள்ளைக்காரத் துரை, கணக்கு எழுதுகிற கிராணி, கள்ளுக்கடை. 1920களின் கடைசியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயித்தார்கள். 1930ல் உலகச் சந்தை விழுந்தபோது அதையும் வெட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் இறங்கினால் இங்கேயும் பர்மா அரிசி வந்து குவிந்து நெல்விலை பாதாளத்தில். நியூயார்க்கில் பங்கு விழுந்ததற்கும் நீடாமங்கலத்தில் ஒரு குடும்பம் பட்டினி கிடந்ததற்கும் இடையில் கப்பல் ஒன்றுதான் இருந்தது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இந்தப் போக்கை வெறும் ஏமாற்று என்று மட்டும் எழுதுகிறவர்கள் போனவர்களின் புத்தியைக் குறைத்து மதிக்கிறார்கள். தோட்டம் நரகம் என்று ஊருக்குத் தெரியாதா? திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று தெரியாதா? தெரிந்தும் போனார்கள், ராத்திரியோடு ராத்திரியாக நாகப்பட்டினத்துக்கு நடந்தே போனார்கள், காலையில் பண்ணைக் காரியக்காரர் வந்து குடிசைக் கதவைத் தட்டினால் ஆள் இருக்கமாட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் பினாங்குக்கு ஓடுகிறார்கள் என்று மிராசுதார்கள் அரசாங்கத்திடம் புலம்பினார்கள். அந்தப் புலம்பலை நான் இப்படிப் படிக்கிறேன்: நிலம் இல்லை, மனை இல்லை, படிப்பு இல்லை, தெருவில் செருப்புப் போட்டு நடக்க உரிமை இல்லை, அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் கிளம்பிப் போவது. அதை எடுத்தான். துரையிடம் அடிபட்டாலும் அந்த அடி அவன் பிறந்த சாதிக்காக விழுகிற அடி இல்லை என்று நினைத்தவன் உண்டு. கூலி கையில் காசாக வந்தது, அதுவும் முதல் தடவை.

திரும்பி வந்தவன் பழைய ஆள் இல்லை. கிராப்பு வைத்திருந்தான், சட்டை போட்டிருந்தான், ஐயா என்று குனிய அவனுக்கு முதுகு வளையவில்லை. பெரியார் 1929 டிசம்பரில் மலாயா போனது நாகப்பட்டினத்தில் கப்பலேறித்தான், அவர் பேச்சைத் தோட்டத்தில் கேட்டவர்கள் அதை ஊருக்கும் கொண்டுவந்தார்கள். 1941ல் கிள்ளான் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரைக்கு எதிரே சைக்கிளில் போக உரிமை, இறங்கி நிற்க வேண்டியதில்லை என்று. கூலி உயர்வோடு சேர்த்து இதைக் கேட்டார்கள். பெண்கள் மேல் கைவைப்பதை நிறுத்து, கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். பதிலாகத் துப்பாக்கி வந்தது, உயிர்கள் போயின. அடுத்த வருஷம் ஜப்பான்காரன் வந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை போடுகிற வேலைக்கு இழுத்துப்போனான். அதற்குப் பிறகு மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக வந்த எஸ்.ஏ. கணபதி நம்ம தம்பிக்கோட்டைக்காரர். 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் பிரிட்டிஷ்காரன் தூக்கில் போட்டான். நம் பள்ளிக்கூடங்களில் அவர் பெயர் தெரிந்த பிள்ளை எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

பெண்களின் வேலை பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். எங்கள் அப்பாயி நெல் குத்துக்கூலிக்குப் போன கடைசித் தலைமுறை. பண்ணை வீட்டில் நெல்லை அவித்துக் காயவைத்து உரலில் போட்டு இரண்டு பேர், மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். கூலி அரிசியாக வரும், நொய்யும் தவிடும் கொஞ்சம் கிடைக்கும். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் சேரியில் உலை கொதித்தது இதனால்தான். ஆயில் எஞ்சின் வைத்த அரிசி மில்கள் டெல்டா ஊர்களில் பரவியதும் இந்த வேலை மொத்தமாகப் போனது. மில்லில் வேலைக்கு வைத்தது பெரும்பாலும் ஆண்களை, பெண்களுக்குக் களத்தில் நெல் கிளறுகிற வேலை. தொழிற்புரட்சி எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்றால் இப்படித்தான் வந்தது, டுப்டுப் என்று ஒரு சத்தத்தோடு, வந்த அன்றைக்கே நூறு உலக்கையை மூலையில் சாத்திவிட்டு. கை வலி போனதே என்று அப்பாயியிடம் ஒருமுறை சொன்னேன். வலி போச்சு, படியும் போச்சு என்றார்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயம். மலாயாவில் தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், பக்கத்திலேயே இருந்த தமிழர்களுக்கு அது அபூர்வம். 1905ல் பிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பாதிப் பேருக்குச் சயாம் பச்சரிசியும் மறுபாதிக்கு நம் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி தின்ற 120 பேரில் 43 பேருக்கு நோய் வந்தது, புழுங்கலரிசி தின்றவர்கள் தப்பினார்கள். அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் நம் பெண்கள் நெல்லை அவித்த வழக்கம் ஆயிரக்கணக்கான கூலிகளின் உயிரைக் காத்தது.

சரி, ஆலையே இல்லை என்றேனே, முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. நாகப்பட்டினத்தில் ரயில்வே பட்டறை இருந்தது, டெல்டா ஆட்கள் இரும்பில் கைவைத்துப் பழகியது அங்கேதான். 1920களில் தென்னிந்திய ரயில்வே அதைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றியது. கூடவே திறமைத் தேர்வு என்று வைத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டது. 1928 ஜூலையில் தென்னிந்தியா முழுக்க ரயில் நின்றது, பத்து நாளில் அடக்கினார்கள், சிங்காரவேலர் உள்பட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பட்டறை போனபிறகு நாகப்பட்டினம் பழையபடி எழவே இல்லை, அந்த ஊர்க் கடைத்தெருவில் வயதானவர்களிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள். 1946 செப்டம்பர் 5ல் பொன்மலையில் துப்பாக்கிச் சூடு, ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். மேட்டூர் அணை 1934ல் முடிந்ததும் ரசாயன ஆலை மேட்டூரிலேயே வந்தது, நமக்குத் தண்ணீர் வந்தது, குறுவை நிலைத்தது, வேலை நாள் கூடியது, அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை.

மாற்றியது விவசாயிகள் சங்கம். 1943ல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்தார், தென் கன்னடத்துக்காரர், தமிழே தட்டுத்தடுமாறிப் பேசினவர். களப்பால் குப்பு மாதிரி உள்ளூர் ஆட்கள் கூட நின்றார்கள். முத்திரை போட்ட மரக்காலில் கூலி அள, சாணிப்பால் கொடுக்காதே, சவுக்கால் அடிக்காதே. 1944ல் களப்பால் ஒப்பந்தத்தில் அது எழுத்தில் வந்தது. மனிதனுக்குச் சாணியைக் கரைத்து ஊற்றாதே என்று 1944ல் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, நீங்கள் சொன்ன "இருந்தபடியே" அதுதான். 1952ல் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. பல பண்ணைகளில் பண்ணையாட்களைத் தினக்கூலியாக மாற்றிச் சட்டத்துக்கு வெளியே தள்ளினார்கள். 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு.

அந்த மனையை மறக்காதீர்கள், முதலில் சொன்னேனே. பண்ணையாள் குடிசை நின்ற மண் அவனுக்கே சொந்தம் என்று குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது 1971ல், வெண்மணி எரிந்து மூன்றாவது வருஷம். அடிமைத்தனம் சட்டப்படி முடிந்த 1843லிருந்து எண்ணினால் 128 வருஷம். எங்கள் அப்பாயி அந்தப் பட்டாவைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார், படிக்கத் தெரியாது, மழைக்காலத்தில் எடுத்து வெயில் காட்டிவிட்டுத் திரும்ப வைப்பார்.